மரைக்கான்துறையில் விழுந்த மினாக் கற்கள்

மரைக்கான்துறையில் அரஃபா நோன்பு பிடித்திருந்த அன்று, முற்பகல் பதினொன்றரை மணிக்கு, மறுநாள் பெருநாளுக்காக அடுப்படியில் உட்கார்ந்து மாவு சலித்துக்கொண்டிருந்த ஜெய்னம்புவின் வலது புறங்கையில் முதல் கல் வந்து விழுந்தது. கொண்டைக்கடலையைவிடக் கொஞ்சம் பெரிய கல். காக்கா எதையோ போட்டுவிட்டது என்று நினைத்து அதை எடுத்து ஓரமாக வைத்தாள். நிமிர்ந்து பார்த்தால் மேலே ஓட்டுக்கூரை, ஓர் ஓடுகூட நகரவில்லை, காக்கா நுழைய இண்டு இடுக்கு கிடையாது. இரண்டாவது கல்லும் அதே புறங்கையில் விழுந்தது. மூன்றாவது விழுந்தபோது சல்லடையைக் கீழே வைத்தாள். நாலாவதுக்குக் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். கல் துணியைக் கிழிக்காமல் துணிக்குள் புகுந்து அதே கையில் பட்டது. ஏழாவது விழுந்தபின் வேறு கல் வரவில்லை. மாவுக்குள் உருண்டுகிடந்த ஏழையும் பொறுக்கித் தட்டில் வைத்துக்கொண்டு, ஏழு என்ற எண்ணை வாய்க்குள் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாள்.

பக்கத்து வீட்டு சபுராம்மாள்தான் முதலில் வந்து பார்த்தவள். அவள் போய்ச் சொல்லி, இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஹஜ்ஜுக்குப் போய்வந்த காசிம் ஹாஜியார் கைத்தடியோடு வந்து, ஒரு கல்லை எடுத்து மூக்கருகே வைத்து மோந்து, கண்ணை மூடிக்கொண்டு நின்றார்.

"முஸ்தலிஃபா கல்லு இது," என்றார். "ஹஜ்ஜுல எறியுறதுக்குன்னு ராத்திரி அங்க டார்ச் லைட்டு அடிச்சு நானே குனிஞ்சு பொறுக்குனேனே, இந்த நெறம் எனக்கு மறக்குமா? அங்க பிறை ஒரு நாள் முந்தி, இன்னிக்கே பெருநாளு. சைத்தான் தூணு மூணுல பெரிய தூணுக்கு மட்டும் ஏழு கல்லு அடிக்கிற நாளு. மினாவுல இப்ப மணி ஒம்பது. நேரமும் சரியா இருக்கு."

யாரும் வாயைப் பிளக்கவில்லை. மரைக்கான்துறை கடலோரத்து ஊர். பர்மாத் தேக்கு ஒதுங்கியிருக்கிறது, சீன எழுத்துப் போட்ட மிதவைகள் ஒதுங்கியிருக்கின்றன, ஒரு தடவை கதவு மூடியபடியே ஒரு குளிர்சாதனப் பெட்டி ஒதுங்கி அதற்குள் கெட்டுப்போகாத வெண்ணெய் இருந்தது. எங்கிருந்தோ வருவது எங்கேயோ சேரத்தானே வேண்டும் என்று நினைத்துப் பழகிய சனங்கள், கல் எப்படி வந்தது என்று ஒரு நிமிஷம்கூடச் செலவழிக்காமல், யார் எறிந்த கல் என்பதில் இறங்கினார்கள். அந்த வருஷம் ஊரிலிருந்து ஹஜ்ஜுக்குப் போயிருந்தவர்கள் நாலு பேர். அதில் ஒருவர் ஜெய்னம்புவின் கணவர், மீன்பிடித் துறையருகே கயிற்றுக் கடை வைத்திருக்கும் அசன் குத்தூஸ். அவள் வீட்டில் விழுந்தால் அவர் எறிந்த கல்தான். அதில் பேச என்ன இருக்கிறது? ஜெய்னம்புவும் கூடப் போயிருக்க வேண்டியவள்தான். முழங்காலில் அறுவை சிகிச்சை முடிந்து மூன்று மாதம்கூட ஆகாததால் டாக்டர் வேண்டாமென்று சொல்லிவிட்டார். போக முடியாத பொண்டாட்டிக்கு ஹஜ்ஜின் பரக்கத்தை, அந்த அருளை, மனுஷன் வீடுதேடி அனுப்புகிறார் என்று சபுராம்மாள் சொன்னாள். அந்தப் பேச்சு எல்லோருக்கும் பிடித்திருந்தது. ஆளுக்கொரு தடவை கல்லைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார்கள்.

மஃரிபுக்கு நோன்பு திறந்து முடித்த நேரம் அசன் குத்தூஸ் போன் பண்ணினார். சத்தம் தெளிவாகக் கேட்டது.

"கல்லு அடிச்சிட்டேன் ஜெய்னம்பு. என்னா கூட்டம்ங்குற! ஆனா பாரு, எறிஞ்சு முடிச்சதும் மனசு லேசாயிருச்சு. எலவம்பஞ்சு மாதிரி. பதினோரு வருஷமா இப்படி மூச்சு விட்டதே இல்ல புள்ள நான்."

ஜெய்னம்பு "அல்ஹம்துலில்லாஹ்" என்றாள். கல் விழுந்த சேதியைச் சொல்லவில்லை. போனை வைத்துவிட்டு, இருண்டுகொண்டு வந்த அடுப்படியில் வலது கையை மடியில் போட்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். புறங்கையில் ஏழு புள்ளி நீலம் பாரித்திருந்தது.

பதினோரு வருஷம் என்ற கணக்கு அவளுக்குத் தெரியும். அந்த வீட்டில் அதற்கு ஒரே அர்த்தம்தான். அவர்களுடைய ஒரே மகன் இர்ஃபான், பத்தொன்பது வயசுப் பிள்ளை, மழையில் மோட்டார் சைக்கிளில் போய்க் கண்மாய் வளைவுப் பாலத்தில் சறுக்கி விழுந்து மௌத்தாகிப் பதினோரு வருஷம். அன்றைக்கு அஸர் தொழுகைக்குப் பள்ளிவாசலுக்குக் கிளம்பும்போது அசன் குத்தூஸ் வானத்தைப் பார்த்துவிட்டு, "கருக்கலா இருக்கு, கல்யாணமும் வேணாம் ஒண்ணும் வேணாம், சாவியக் குடுத்துறாத" என்று சொல்லி, வண்டிச் சாவியை அரிசி டின்னுக்குப் பின்னால் ஒளித்துவைத்துப் போனார். கூட்டாளி கல்யாணத்துக்குப் போகாவிட்டால் முகத்தில் முழிக்க முடியாது என்று பிள்ளை அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினான். டின்னுக்குப் பின்னால் கையை விட்டுச் சாவியை எடுத்துக் கொடுத்தது அவள். வலது கை.

மையித்தைக் கொண்டுவந்து போட்ட நேரத்தில் அவளே அதைச் சொன்னாள். "நான்தாங்க குடுத்தேன். நான்தான் எடுத்துக் குடுத்தேன்" என்று அவர் காலடியில் கிடந்து அரற்றினாள். அசன் குத்தூஸ் அவளைத் தூக்கி நிறுத்தி, வாயைத் தன் உள்ளங்கையால் மெதுவாக மூடி, "எழுதுனது நடந்துச்சு. எனக்கு உம்மேல ஒரு துளி வருத்தம் கெடையாது. இனி இத எங்கிட்டயும் பேசாத, ஊருலயும் யாருகிட்டயும் சொல்லாத" என்றார். அதற்குப்பின் அவர் ஒரு சுடுசொல் சொன்னதில்லை, ஒரு நாள் சோற்றைத் தள்ளிவைத்ததில்லை. அவருடைய சபூரை, அந்தப் பொறுமையை, வெள்ளிக்கிழமை ஜும்ஆ பயானில் உதாரணம் காட்டிப் பேசினார்கள். ஜெய்னம்புவோ அந்த ஒரு வார்த்தையைத் தின்றுதான் உயிரோடு இருந்தாள். ஒரு துளி வருத்தம் கெடையாது. விடிந்தால் அதைத்தான் தின்றாள், பொழுது சாய்ந்தால் அதைத்தான் தின்றாள், பிள்ளை ஞாபகத்தில் நெஞ்சு அடைக்கும்போதெல்லாம் மருந்து மாதிரி அதை எடுத்து நாக்கில் வைத்துக்கொண்டாள். இப்போது பார்த்தால் அது வெறும் மாவு உருண்டை.

ஆனாலும் அவள் முழுசாக நம்பிவிடவில்லை. ஒரு நாள்தானே, கூட்டத்தில் மனசு எங்கேயோ போயிருக்கும், சைத்தான் அவர் மனசிலேயே அந்தக் கையைக் காட்டிக் குழப்பியிருப்பான் என்று தன்னைத்தானே சமாதானம் செய்துகொண்டாள். நாளைக்கு மூன்று தூணுக்கும் சேர்த்து இருபத்தொன்று இருக்கிறது, நாளைக்கு விழாது என்று நினைத்தாள். சபுராம்மாள் அவருக்குப் போன் போட்டுச் சொல்லவா என்று கேட்டதற்கு, "யாரும் அவுகளுக்குச் சொல்லக் கூடாது. சொன்னவங்க எம் மையித்துல முழிக்கக் கூடாது" என்று ஆணையாகச் சொன்னாள். அவர் தெரிந்து நிறுத்துவது வேறு, அவருக்குத் தெரியாமலே கல் நிற்பது வேறு. அவளுக்கு எது வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

பெருநாளன்று மதியம் லுஹர் தொழுகை முடிந்ததிலிருந்தே கூட்டம். குர்பானிக் கறி வாங்க வந்தவர்கள் கறியோடு நின்றார்கள், வாங்காதவர்கள் சும்மா வந்து நின்றார்கள், புதுச்சட்டை கசங்காமல் பிள்ளைகளை மதில்மேல் ஏற்றிவைத்தார்கள், முற்றத்துக்குக் குறுக்கே யாரோ படகுப் பாய் கட்டி நிழல் போட்டார்கள், ஜமாஅத் நாற்காலிகள் வந்து இறங்கின. பெண்கள் விழுகிற கல்லைப் பிடிக்க வெள்ளைத் துப்பட்டியை நாலு மூலையிலும் பிடித்துக்கொண்டு நின்றார்கள். நடுவில் ஜெய்னம்பு வலது கையை முழங்கால்மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மூன்றேகால் மணிக்குப் பாயில் ஓட்டை போடாமல் பாயைத் தாண்டி முதல் கல் இறங்கியது.

நேற்றையதைவிட வேகமாக விழுந்தன. ஏழு விழுந்து நின்றது. "சின்னத் தூணு முடிஞ்சுது. இப்ப ஒதுங்கி நின்னு துஆ கேப்பாக" என்று காசிம் ஹாஜியார் கடிகாரத்தைப் பார்த்தபடி சொன்னார். கூட்டம் மொத்தமும் அந்த இடைவெளியில் தானும் கையேந்தி நின்றது. ஜெய்னம்பு, அவர் யாருக்காகத் துஆ கேட்கிறார் என்று யோசித்தாள். மறுபடி ஏழு. மறுபடி துஆ. கடைசி ஏழு விழுந்தபோது ஓரிடத்தில் தோல் பிய்ந்து, ரத்தம் மோதிர விரல்வழி இறங்கி முழங்காலில் சொட்டியது. அவளுக்குக் கை வலிக்கவில்லை. இருபத்தெட்டுக் கல்லும் ஒன்றுகூடக் குறி தப்பவில்லையே, இவ்வளவு நாளும் எப்படி இந்தக் குறியை நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டு என் கையால் பரிமாறிய சோற்றைத் தின்றார் என்பதுதான் வலித்தது.

சனங்கள் ஒரு விஷயத்தைச் சட்டம் பேசிப் பார்க்காமல் விட்டதில்லை. கல் தூணடித் தொட்டியில் விழுந்தால்தான் கடமை நிறைவேறும். அசன் குத்தூஸ் எறிந்த கல் ஜெய்னம்புவின் கையில் விழுகிறது என்றால் அவருடைய ஹஜ் கூடுமா கூடாதா? இதைக் கேட்கப் பள்ளிவாசல் இமாம் ஹஜ்ரத்திடம் ஆளனுப்பினார்கள். ஹஜ்ரத் வந்து, கல்லைப் பார்த்து, ரத்தத்தையும் பார்த்து, "அவரு ஹஜ்ஜப் பத்தி அப்புறம் பேசலாம். அந்தம்மா கைக்கு மொதல்ல மருந்து போடுங்க" என்றார். அவர் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை. தலைக்கு மேல் வேறொரு பேச்சு கிளம்பிவிட்டது. கிளப்பியவள் அசன் குத்தூஸின் அக்கா ஹவ்வா பீவி.

"எல்லாரும் பரக்கத்து பரக்கத்துங்குறீங்களே," என்றாள் அவள், மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே. "அந்தக் கல்லு எதுக்கு அடிக்கிறது? சைத்தானுக்கு அடிக்கிறது. அது தேடிவந்து ஒரு பொம்பள கையில விழுதுன்னா, அந்தக் கையி என்ன பண்ணுச்சு? கேளுங்க அவள. எந் தம்பி சோத்துல எதக் கலந்தா? எவன் வீட்டுல எதக் கொண்டுபோய்ப் பொதைச்சா?"

துப்பட்டி பிடித்திருந்த பெண்களில் ஒருத்தி தன் மூலையை விட்டாள். கற்கள் மண்ணில் சரிந்தன. யாரும் குனிந்து எடுக்கவில்லை. மாலையில் ஜெய்னம்பு வலது கையில் துணி சுற்றிக்கொண்டு பங்கு போட்டு அனுப்பிய கறி, மூன்று வீடுகளிலிருந்து திரும்பி வந்தது. நாலாவது வீடு சபுராம்மாளுடையது. அவள் திருப்பி அனுப்பவில்லை; வாங்கிக்கொண்டு, பின்வாசல் வழியாகப் பூனைக்குப் போட்டாள். மதிலின் இந்தப் பக்கத்திலிருந்து ஜெய்னம்பு அதைப் பார்த்தாள். ஹஜ்ஜுக்குப் போன மற்ற மூன்று பேருடைய வீட்டாரும் அன்றிலிருந்து வெளிமுற்றத்துக்கு வருவதை விட்டுவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு, மூன்று மணி ஆனால் ஆளுக்கொரு தாம்பாளத்தைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். அவரவர் கணக்கு அவரவருக்குத் தெரியும்.

மூன்றாம் நாள் அவள் ஒளியவில்லை. படகுப் பாயை அவிழ்த்துப் போடச் சொல்லிவிட்டு வெயிலில் நின்றாள். பயந்துகொண்டும் பார்க்காமலிருக்க முடியாமலும் ஊர் மதிலுக்கு வெளியே நின்றது. மூன்றேகால் ஆவதற்குக் கொஞ்சம் முன்னால் ஜெய்னம்பு பேசினாள். அவள் குரலை அந்தத் தெருவில் பலர் முதல் தடவையாக அப்போதுதான் கேட்டார்கள்.

"மதினி, கேட்டீங்கள்ல இந்தக் கையி என்ன பண்ணுச்சுன்னு? எம் புள்ளைக்கு வண்டிச் சாவிய எடுத்துக் குடுத்துச்சு. அவுக குடுக்காதன்னு சொல்லிட்டுப் போனாக. நான் குடுத்தேன். அவ்வளவுதான் இது பண்ணுச்சு. வேற ஒருத்தருக்கும் ஒண்ணும் பண்ணல."

முதல் கல் விழுந்தது. அவள் நின்ற இடத்தில் நின்றாள். ஏழும் ஏழும் ஏழும் விழுந்தன. முடிந்தபின், பதினோரு வருஷம் சுமந்த ரகசியத்தை நடுத்தெருவில் இறக்கிவைத்த தன்னை யாராவது ஒருத்தி வந்து கட்டிக்கொள்வாள் என்று ஜெய்னம்பு மதிலைப் பார்த்தாள். ஹவ்வா பீவி அழுதுகொண்டிருந்தாள். காசிம் ஹாஜியாரும் தோள்துண்டால் கண்ணைத் துடைத்தார்.

"யா அல்லாஹ்," என்றார் அவர். "என்னா மனுஷன்! இம்புட்டையும் தெரிஞ்சு வச்சுக்கிட்டு, பதினோரு வருஷம் ஒரு வார்த்த சொல்லாம இவளோட வாழ்ந்திருக்காரே."

ஆமாம் ஆமாம் என்று தெரு முழுக்கத் தலை ஆடியது. ஏற்கெனவே உயரத்தில் இருந்த அசன் குத்தூஸின் பொறுமை அன்றைக்குப் பள்ளி மினாராவைத் தாண்டிப் போனது. இவளை மன்னிப்பதற்குப் பதிலாக, இவளைத் தாங்கிக்கொண்டதற்காக அவரைப் புகழ்ந்துகொண்டே கலைந்தார்கள். ஜெய்னம்பு உள்ளே போய்க் கையைக் கழுவினாள். நாற்பத்தொன்பது நீலப் புள்ளிகள் தண்ணீரில் கரையவில்லை.

இருபத்தைந்து நாள் கழித்து ஹாஜி அசன் குத்தூஸ் வந்தார். முக்குரோட்டிலிருந்து பைத்துப் பாடி அழைத்துவந்தார்கள். அன்று பிறந்த பாலகனைப் போலப் பாவமில்லாமல் வந்திருப்பவரைக் கட்டித் தழுவினால் நமக்கும் கொஞ்சம் ஒட்டுமென்று வரிசையில் நின்றார்கள். கட்டித் தழுவியவர்கள் எல்லோரும் காதில் ஏதோ சொன்னார்கள். வரிசை முடிவதற்குள் அவருக்கு எல்லாம் தெரிந்துபோயிற்று. முகம் வெளுத்து, கழுத்து மாலையோடு வீட்டுக்குள் வந்து, பேரீச்சம்பழத்தைத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தவளின் முன்னால் நின்றார். கூட்டம் முற்றத்தில் இருந்தது. உள்ளே அவர்கள் இரண்டு பேர்தான்.

"கையக் காட்டு," என்றார்.

காட்டினாள். அவர் தொட வந்தார். அவள் இழுத்துக்கொண்டாள்.

"எறியும்போது யார நெனச்சீங்க?"

ஹஜ் முடித்து வந்த வாயில் முதல் பொய்யை வைக்க அவருக்குத் தைரியமில்லை.

"சைத்தானத்தான் நெனைக்கப் போனேன்," என்றார் மெதுவாக. "தூணுக்கு முன்னால நின்னா அரிசி டின்னுதான் தெரிஞ்சுது. அதுக்குப் பின்னால உன் கையி. இது என்ன விட்டுத் தொலையட்டும்னுதான் எறிஞ்சேன் ஜெய்னம்பு. தொலைஞ்சிருச்சு. சத்தியமாச் சொல்றேன், இப்ப எனக்கு உம்மேல ஒண்ணும் இல்ல. சுத்தமா ஒண்ணும் இல்ல."

"இத அன்னிக்கும் சொன்னீங்க."

அவர் கை கழுத்து மாலையைப் பிடித்து இழுத்தது.

"அன்னிக்கே ஒரு அறை அறைஞ்சிருக்கலாம்," என்றாள் அவள். "பாவி, எம் புள்ளையக் கொன்னுட்டியேன்னு தெருவுல நிறுத்திக் கேட்டிருக்கலாம். நானும் கூட உக்காந்து அழுதிருப்பேன். ரெண்டு பேரும் ஒரே புள்ளைக்கு அழுதிருப்போம். நீங்க என் வாயப் பொத்திட்டு, நெஞ்சுக்குள்ள கல்லுப் பொறுக்கி வச்சுக்கிட்டீங்க. நான் அழுதா ஒங்களுக்குத் தாங்காதுன்னு நெனச்சு, ஒங்க நல்ல மனசு நோகக் கூடாதுன்னு, அவன் பேரக்கூட இந்த வீட்டுல சொல்லாம இருந்தேன். பதினோரு வருஷம். எம் புள்ள பேரு இர்ஃபான். எத்தன நாளாச்சு தெரியுமா நான் இதச் சத்தமாச் சொல்லி?"

முற்றத்திலிருந்து யாரோ, "ஹாஜியாரே, எங்களுக்காக ஒரு துஆ" என்று கூப்பிட்டார்கள். அவர் திரும்பிப் பார்த்தார். ஒரு நொடிதான் திரும்பினார். அதற்குள் ஜெய்னம்பு பேரீச்சம்பழத் தட்டை அவர் கையில் கொடுத்துவிட்டுப் புர்காவை மாட்டிக்கொண்டு, பின்வாசல் வழியாக அல்ல, முன்வாசல் வழியாக, கூட்டத்தின் நடுவே இறங்கி நடந்தாள். வழி விட்டார்கள். வலது கை வெளியே தெரிந்தது. அவள் மறைக்கவில்லை.

கண்மாய் வளைவு இரண்டு கிலோமீட்டர். ஆறாத முழங்காலோடு, கருவேல மரமெல்லாம் பிடித்துப் பிடித்து நின்று போனாள். "அங்கெல்லாம் போகாத, மனசு கெடும்" என்று அவர் சொல்லியிருந்ததால் அந்தப் பாலத்தை அவள் ஒருநாளும் பார்த்ததில்லை. வெளியூருக்குப் போனாலும் சுற்றுவழிப் பஸ்ஸில்தான் போவார்கள். பார்த்தால் அது ஒன்றுமில்லை, முழங்கால் உயரத்துக்கு இரண்டு கைப்பிடிச் சுவர், கீழே பாசி பிடித்த தண்ணீர், தண்ணீரில் ஒரு கொக்கு. சுவரில் உட்கார்ந்தாள். காலை நீட்டினாள். பிறகு, பேருந்துகளும் மீன் லாரிகளும் போய்வந்துகொண்டிருந்த பட்டப்பகலில், வாயைப் பொத்தாமல், மகன் பேரைச் சொல்லி அழ ஆரம்பித்தாள்.

அசன் குத்தூஸ் பின்னாலேயே வந்துவிட்டார். மாலையை எங்கேயோ கழற்றிப் போட்டிருந்தார். எதிர்ச்சாரியில், ரோட்டுக்கு அந்தப் பக்கம், செருப்பில்லாத காலோடு நின்றார். அவரும் அழுதுகொண்டிருந்தார் என்பது தோள் குலுங்கியதில் தெரிந்தது. ரோடு அகலமானதல்ல, பத்து எட்டு வைத்தால் இந்தப் பக்கம் வந்துவிடலாம். ஆனால் அவர் வரவில்லை. அவள் கையை உயர்த்தி, வாங்க என்று கூப்பிடுவாள் என்று காத்து நின்றார். ஒரு லாரி போனது, ஒரு பஸ் போனது, மறுபடி ஒரு லாரி போனது. ஒவ்வொன்றும் போனபின் அவர் அங்கேயேதான் நின்றார். அஸருக்குப் பாங்கு சொன்னார்கள். வெயில் சாய்ந்து கண்மாய்த் தண்ணீர் பித்தளை நிறமானது.

ஜெய்னம்பு கையைத் தூக்கவில்லை.